வண்டி மாறலாம், மூட்டை குறையலாகாது

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு உறவைக் காத்துத் தந்தவை முன்னாளில் கடிதங்கள். இந்நாளில் திருமண வட்டுகளும் கைப்பேசிப் பதிவுகளும் அப்பணியை ஏற்றுள்ளன. மறைந்த பாட்டனாரின் நடையையும் பாட்டியாரின் குரலையும், இங்கே பிறந்து வளரும் பிள்ளைகள் அறிவதற்கு இவற்றையன்றி வேறு வழியில்லாத இல்லங்கள் பல. ஆதலின், இப்பதிவுகளை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்குச் சேதமின்றி மாற்றும் முறையை நாம் தெரிந்துகொள்ளுதல் நலம்.

பெட்டியும் பண்டமும்

வீடியோக் கோப்பு என்பது உண்மையில் ஒரு பெட்டியே. அதனுள்ளே படம் ஒரு தடமாகவும், ஒலி ஒரு தடமாகவும், வசன எழுத்து உண்டாயின் அது மற்றொரு தடமாகவும் வைக்கப்பட்டிருக்கும். கோப்புப் பெயரின் வாலில் நாம் காணும் ஏவிஐ, எம்ஓவி, எம்பி4, எம்கேவி என்பன அப்பெட்டிகளின் பெயர்கள். எம்ஓவி, ஆப்பிள் நிறுவனத்தார் 1991-இல் வெளியிட்ட குவிக்டைமுக்கு உரியது. ஏவிஐ, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 1992-இல் தந்தது. 2002-இல் தோன்றிய எம்கேவியின் முழுப்பெயர் மத்ரோஸ்கா. ஒன்றனுள் ஒன்றாய் அடங்கும் ருஷ்யப் பொம்மையின் பெயரைத் தழுவியது.

பெட்டியுள் இருக்கும் படத்தையும் ஒலியையும் சுருக்கி வைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003-இல் வந்த எச்.264, அதனினும் இறுகச் சுருக்கும் 2013-ஆம் ஆண்டின் எச்.265 ஆகியவை இவ்வகையின.

ஒரு காலத்தில் மதுரையிலிருந்து டில்லிக்குப் புறப்பட்டவர்கள் மீட்டர் பாதை வண்டியில் எழும்பூர் வந்து இறங்கி, சென்ட்ரலுக்குச் சென்று அகலப்பாதை வண்டி ஏறினார்கள். வண்டி மாறிற்று, மூட்டை மாறவில்லை. பெட்டி மாற்றம் என்பது இத்தகையதே. மூட்டையை அவிழ்த்து, இடம் போதாதென்று பாதிப் பொருளை எறிந்துவிட்டு மீண்டும் கட்டுவது வேறு செயல், அதுவே மறுசுருக்கம். முன்னதில் படம் ஒரு புள்ளியும் குறையாது. பின்னதில் ஒவ்வொரு முறையும் சிறிது தேயும், தேய்ந்தது திரும்பாது.

செய்யும் முறை

முதலில் பெட்டியினுள் இருப்பது யாதென்று அறிதல் வேண்டும். வி.எல்.சி. என்னும் இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ‘டூல்ஸ்’ பட்டியில் ‘கோடெக் இன்ஃபர்மேஷன்’ என்பதை அழுத்தினால் அது விளங்கும். எம்கேவிப் பெட்டியில் எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்து, வீட்டுத் தொலைக்காட்சி எம்பி4 மட்டுமே ஏற்குமாயின், பெட்டியை மாற்றினாற் போதும். அவிடெமக்ஸ் என்னும் மென்பொருளில் படத்துக்கும் ஒலிக்கும் ‘காப்பி’ என்றே விட்டு, வெளியீட்டு வடிவத்துக்கு மட்டும் எம்பி4 என்பதைத் தேர்ந்து சேமிக்கலாம். இரண்டு மணி நேரப் பதிவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மணிக்கணக்கில் வேலை ஓடினால், உள்ளே மறுசுருக்கம் நடக்கிறதென ஐயுறுக. ஹேண்ட்பிரேக் என்னும் பெயர்பெற்ற மென்பொருள் படத்தை எப்பொழுதும் மறுசுருக்கமே செய்யும் என்பதையும் நினைவிற் கொள்க. கோப்பின் வாலை மட்டும் திருத்தி எழுதுவதோ மாற்றமே ஆகாது; பெட்டியின் மேல் வேறு சீட்டு ஒட்டுவதே அது.

தொலைக்காட்சி எச்.265-ஐ அறியாத பழையதாயின் பெட்டி மாற்றம் பயன்தராது. மறுசுருக்கம் செய்தே தீரவேண்டும். செய்க, ஆனால் அதைப் பார்வைப் படியாக மட்டும் கொண்டு, மூலத்தைத் தனியே காக்க.

பழைய வட்டுகள்

நாம் அறிந்த ஒரு குடும்பத்தார் தம் இல்லத் திருமண டிவிடியைக் கடையொன்றில் கொடுத்து எம்பி4 ஆக்கினர். கோப்பு கைக்கு வந்ததும், இனி எதற்கென்று வட்டை எறிந்துவிட்டனர். கடைக்காரர் தந்ததோ கைப்பேசிக்கெனச் சிறிதாக்கிய படம். பெரிய திரையில் இட்டபோது, ஆசி கூறும் முதியவரின் முகம் கலங்கிய நீரில் தெரியும் நிழலாயிற்று. அவர் இன்று இல்லை. வேறு படியும் இல்லை.

டிவிடியில் இருப்பது எம்பெக்-2 முறையில் சுருக்கிய படம். ஒரு கோப்பு 1 ஜிபியை மிஞ்சாதவாறு துண்டு துண்டாக அதில் வைக்கப்பட்டிருக்கும். மேக்எம்கேவி என்னும் மென்பொருள் அத்துண்டுகளை இணைத்து, மறுசுருக்கமின்றி ஒரே எம்கேவிப் பெட்டியில் வைத்துத் தரும். கடையில் கொடுப்போரும் “மறுசுருக்கம் வேண்டா, உள்ளபடியே எடுத்துத் தருக” என்று சொல்லுதல் வேண்டும், வட்டையும் திரும்பப் பெறுதல் வேண்டும். கீறலும் முதுமையும் வட்டுகளை அழித்துவருகின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவருகின்றன. ஆதலின் காலந்தாழ்த்தலாகாது.

ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் பதிவு அனுப்பும் உறவினரிடம், வீடியோவாக அன்றி ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புமாறு கூறுக. முன்னதில் படம் சுருங்கி வரும். பின்னதில் உள்ளபடியே வரும்.

மூலத்தின் ஒரு படி இங்கும், மற்றொரு படி ஊரிலுள்ள உறவினர் இல்லத்திலும் இருக்கட்டும். படத்திலிருப்போர் பெயரும் நாளும் எழுதி உடன் வைக்கப்படட்டும். நம் பிள்ளைகளின் காலத்தில் இன்னும் எத்தனையோ பெட்டிகள் தோன்றி மறையும். உள்ளிருக்கும் முகங்கள் மங்காமல் அவர்கள் கைக்குப் போய்ச் சேரச் செய்வது நம் கடமையாகும்.