ஜன்னலை மாற்றுவதா? பழுது பார்ப்பதா?

பொல்பிட்டிய, கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மழையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்றால், வட்டவளையில் அது 5000-ஐயும் தாண்டுகிறது. 1969-இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையம் இந்த மழையின் தயவில்தான் சுழல்கிறது. நம் வீட்டு ஜன்னல்களை உக்க வைப்பதும் இதே மழைதான்!

மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் போதும். திறந்த ஜன்னல் மூடாது, மூடியது திறக்காது. அடிச்சட்டத்தின் வழியாகத் தண்ணீர் கசிந்து சுவரில் இறங்கும். "எல்லாவற்றையும் கழற்றி அலுமினியம் போட்டுவிடலாம்" என்பார் வீட்டுக்காரர். "பலாப் பலகையையா தூக்கி எறியப் போகிறீர்கள்?" என்று தடுப்பார் மாமி. முடிவு எட்டாமல் பேச்சு நிற்கும். அதற்குள் ஒரு தகரத்துண்டும் நான்கு ஆணியும் கொண்டு அந்த ஜன்னலை அடைத்துவிடுவார்கள். "தற்காலிகமாக" என்று அடித்த ஆணி ஐந்து வருடமானாலும் அங்கேயே இருக்கும்.

மாற்றுவதும் பழுது பார்ப்பதும் இருக்கட்டும். எல்லாவற்றிலும் மோசமானது இந்த மூன்றாவது வழிதான். லயன் வீடுகளில் ஜன்னல்களே குறைவு. கடைவீதி வீடுகளிலும் பக்கச் சுவர்கள் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. விறகடுப்பு எரிகிற வீட்டில் இருக்கிற ஒரு ஜன்னலையும் அடைத்துவிட்டால் புகை எங்கே போகும்? அடுப்படியில் நிற்கும் பெண்ணின் நெஞ்சுக்குள்ளும், இடுப்பில் இருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும்தான் போகும். வீட்டுக்குள் சூழும் இத்தகைய புகையால் 2020-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. "ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுப் பார்வை விழுகிறதே" என்ற கவலை நம் வீடுகளில் உண்டு. அது நியாயமான கவலைதான். கீழ்ப்பாதிக்குப் பால்கண்ணாடி போட்டு, மேல்பாதியைத் தனியாகத் திறக்கும்படி செய்துகொண்டால் அந்தக் கவலை தீரும், காற்றும் வரும்.

சரி, முடிவெடுப்பது எப்படி? பாஸைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே ஒரு திருப்புளியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டிய இடம் மேலே அல்ல, கீழே. ஜன்னல் கதவின் அடிக்கட்டை, சுவரில் பதிந்த நிலையின் இரண்டு கீழ் மூலைகள், சட்டங்கள் பொருந்தும் மூட்டுகள், கம்பி இறங்கும் துளைகள் ஆகியவற்றில் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் பளபளவென்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். அதன் அடியில் மரம் ஊறிய ரஸ்க் போல இருக்கலாம். முனை இறங்காமல் நின்றால் மரம் நல்ல மரம். மூலையில் மட்டும் இரண்டொரு அங்குலம் இறங்கினால், உக்கிய துண்டை வெட்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் காய்ந்த மரத்தை ஒட்டுப் போடலாம். கை தேர்ந்த பாஸுக்கு இது பெரிய வேலையே அல்ல. சுவரில் பதிந்த நிலையே நீளத்துக்கு உக்கிவிட்டாலோ, கறையான் உள்ளே ஓடியிருந்தாலோ ஒட்டுப் போடுவது வீண் செலவு, மாற்றத்தான் வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போய் அப்படியே நீடித்தால்தான் உக்க வைக்கும் பூஞ்சணத்துக்கு வாழ்வு. ஈரத்தை நிறுத்தினால் உக்குவதும் நிற்கும். கூரைத் தாவாரம் குட்டையாக இருக்கிறதா? ஜன்னலின் அடித்திண்டு வெளிப்பக்கம் சரியாமல் உள்பக்கம் சரிகிறதா? சிமெந்துப் பூச்சு மரத்தின் மேல் ஏறித் தண்ணீரைத் தேக்குகிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் புது ஜன்னல் போடுகிறவர், சில வருடங்களில் அந்தப் புது ஜன்னலையும் மாற்ற வேண்டிவரும். ஜன்னலுக்கு மேல் ஒரு முழத் தகரம் சாய்வாக நீட்டிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாமி சொன்ன பலாப் பலகையிலும் விஷயம் இருக்கிறது. 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. பல வருடம் காய்ந்து இறுகிய பழைய பலா நிலை கையில் இருக்கும்போது, நேற்று அறுத்த பச்சை மரத்தில் புது ஜன்னல் வாங்குவது புத்திசாலித்தனமா என்று யோசியுங்கள். அலுமினியம் உக்காது, கறையானும் தொடாது. ஆனால் குளிர்ந்த இரவில் அதன் உள்பக்கம் வியர்க்கும். கீழ்த்தண்டவாளத்தின் நீர்த்துளைகள் குப்பையால் அடைபட்டால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வழியும். விலை கேட்கும்போது சுவர் உடைத்துப் பூசும் கூலி, கள்ளர் கம்பி, பெயின்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். வீடு தோட்டத்து லயனாக இருந்தால் சுவரில் கை வைக்குமுன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மிகக் கவனமாகப் படியுங்கள். மரம் உக்கவில்லை, மழையும் இல்லை, ஆனாலும் ஜன்னல் திடீரென்று இறுகுகிறது. ஒரு மூலையில் இடைவெளி, எதிர் மூலையில் நெருக்கம். ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடுகிறது. இது ஜன்னலின் நோய் அல்ல. வீட்டின் அடியில் மண் நகர்வதற்கான அடையாளமாக இருக்கலாம். முற்றத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கிளம்பிய கலங்கல் ஊற்று ஆகியவையும் சேர்ந்திருந்தால் பாஸையும் அலுமினியக் கடைக்காரரையும் தேடாதீர்கள். கிராம சேவகரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அறிவியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து நிலத்தைப் பார்ப்பார்கள். அடைமழை நேரமென்றால் அவர்கள் வரும்வரை காத்திராமல் பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29-ஆம் திகதி லயன்களே மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகம் பட்ட பாட்டையும் நாம் கண்டோம்.

பழைய பெயின்டைச் சுரண்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013-இல்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். காய்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் அந்த அறைப் பக்கம் வேண்டாம். சுரண்டல் தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வேலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூன் மாதத்தில் ஊதி நிற்கும் ஜன்னலைச் சீவினால், பெப்ரவரியில் அது ஆடும். கதவைத் திரும்ப மாட்டுவதற்கு முன் அதன் அடிவிளிம்பிலும் பெயின்ட் பூசினாரா என்று பாஸிடம் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அதைத்தான். மரம் தண்ணீரைக் குடிப்பதும் அந்த வாயால்தான்.