ஆயாவின் மாத்திரை பேத்திக்கு உதவாது

"எனக்கும் சக்கரைதான். ரெண்டு வேளை மாத்திரை போடறேன், நல்லாத்தானே இருக்கேன். பச்சப் புள்ளைக்கு எதுக்கு தெனம் நாலு ஊசி?" குழந்தைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன வீட்டில் ஏதோ ஓர் ஆயா இப்படிக் கேட்காமல் இருக்க மாட்டார். நியாயமான கேள்விதான். சர்க்கரையைப் பற்றி ஒன்றுமே தெரியாத வீடு தமிழ்நாட்டில் ஏது? வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டைப் பொடி, காலை நடை, சீனி போடாத டீ எல்லாம் எல்லோருக்கும் அத்துப்படி. வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது. அந்த அனுபவ அறிவு முழுவதும் டைப் 2 பற்றியது. குழந்தைக்கு வந்திருப்பது வேறொரு நோய். பேர் மட்டும்தான் ஒன்று.

ஆயாவின் கணையத்தில் இன்சுலின் இன்னும் சுரக்கிறது. உடல் அதற்குச் சரியாக மசிவதில்லை, அவ்வளவுதான். மாத்திரை கணையத்தை முடுக்கிவிடும் அல்லது உடலை இன்சுலினுக்கு இணங்க வைக்கும். பேத்தியின் கதை அப்படியல்ல. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பாற்றல், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே பெரும்பாலும் அழித்துவிட்டது. முடுக்கிவிட அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. இது ஏன் நேர்கிறது என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. மரபணுவுக்குப் பங்குண்டு, சில வைரஸ்கள்மீதும் சந்தேகம் உண்டு. கர்ப்பத்தில் அம்மா இனிப்பு தின்றதால் வந்தது, பிள்ளை சாக்லேட் தின்றதால் வந்தது என்பதெல்லாம் வீண் பழி. இன்சுலின் ஒரு புரதம். வாய்வழியே கொடுத்தால் சாப்பிட்ட மீனோடு மீனாக அதுவும் செரித்துப்போகும். அதனால்தான் ஊசி.

லாரிக்காரர்களுக்கு எளாவூர் என்றால் சோதனைச்சாவடி. அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் கிராமங்கள். அப்படியொரு வீட்டில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறாள். வெயிலுக்குத் தாகம் என்று விட்டுவிடுவார்கள். படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம், எப்போதோ நின்றுபோனது, மறுபடி வருகிறது, திட்டு விழும். பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைக்கிறாள். வளர்கிற பிள்ளை அப்படித்தான் என்பார்கள். பிறகு வாந்தி, வயிற்றுவலி, இழுத்து இழுத்து மூச்சு. இன்சுலின் இல்லாத உடல் சர்க்கரையை எரிக்க வழியின்றிக் கொழுப்பை எரிக்க, அதில் உண்டாகும் கீட்டோன்கள் ரத்தத்தை அமிலமாக்கிவிடுகின்றன. அந்த மூச்சை வீசிங் என்றும், வயிற்றுவலியைக் குடல்வால் என்றும் நினைத்து ஒரு நாளை இழப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல.

இத்தாலியின் பார்மா மாகாணத்தில் 1990-களில் ஒரு காரியம் செய்தார்கள். தாகம், அதிக சிறுநீர், திரும்ப வந்த படுக்கை நனைத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள் என்று பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் கிளினிக்குகளிலும் போஸ்டர் ஒட்டினார்கள். நோய் கண்டுபிடிக்கப்படும்போதே அமில நிலையில் வந்து சேரும் குழந்தைகளின் பங்கு 78 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்கியது. இங்கேயும் முடியும்: விரலில் ஒரு குத்து, குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஊசி வருவதற்கு முன்னால் இந்த நோய் மரண தண்டனையாக இருந்தது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதல் இன்சுலின் போடப்பட்டது. அப்போது அவன் எடை 30 கிலோகூட இல்லை. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. சுத்திகரித்துப் போட்ட அடுத்த ஊசியில் 520 இருந்த சர்க்கரை 120-க்கு இறங்கியது. அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்றைய குழந்தைகளுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு நீண்ட ஆயுள் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-லேயே நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். எளாவூரில் ரயிலேறினால் போய்ச் சேரக்கூடிய தூரம்தான் அது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அப்படியே.

ஆனால் மருத்துவமனையில் கற்றுக்கொண்டதை ஏரிக்கரை வீட்டில் நடத்திக் காட்டுவது தனி வித்தை. ஊசியைப் பிரிட்ஜில் வையுங்கள் என்பார்கள். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் மீன் வைக்கும் ஐஸ் பெட்டி இருக்கும். கை தானாக அங்கே போகும். கூடாது. ஐஸில் பட்டு உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். உறைந்து இளகியபின் பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம். வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அதைவிட மண்பானை எவ்வளவோ மேல். வெளிப்புறத்தை ஈரமாக வைத்து நிழலில் வைத்தால், நீர் ஆவியாகும்போது உள்ளே சூடு தணியும். கடற்கரைப் புழுக்கத்தில் இது கொஞ்சம் மட்டுப்படும் என்றாலும் ஓட்டு வீட்டின் வெக்கைக்குப் பரவாயில்லை. கென்யாவின் அகதி முகாம் வெப்பத்தை வைத்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021-ல் வெளியானது. 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டிலும் இன்சுலின் நான்கு வாரம் வீரியம் இழக்கவில்லை என்றது அது. வெயிலில் போட்டு வைக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பிரிட்ஜ் இல்லையே என்று ஊசியை நிறுத்தக் காரணமில்லை, அவ்வளவுதான்.

சிரிஞ்சுக்கு வருவோம். நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவது 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. மருந்துக்கடைக்காரர் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால்? 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது வெறும் 4 யூனிட். நேர்மாறாகச் செய்தால் 10-க்கு 25 யூனிட் போய்க் குழந்தை மயங்கி விழும். மூடியின் நிறத்தை ஆயாவுக்கும் சொல்லி வைக்க வேண்டும். அப்பா பாடு எனும் மீன்பிடி முறை கிடைத்த இரவில் ஏரிக்குப் போய்விட்டால், அம்மா விடியலில் மீன் விற்கக் கிளம்பிவிட்டால், காலை ஊசி ஆயாவின் கையில்தான்.

சாப்பாட்டில் பெரிய பஞ்சமில்லை. இறால், நண்டு, மடவை எதிலும் மாவுச்சத்து அநேகமாகக் கிடையாது. கணக்கு சோற்றில் இருக்கிறது: நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. கலவை இன்சுலினை இரண்டு வேளை போடும் குழந்தை மணி தவறாமல் சாப்பிட்டாக வேண்டும். வலை வந்த நேரத்துக்கு உலை வைக்கும் வீட்டுக்கு இது ஒத்துவராது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன் ஒவ்வொன்று, நாள் முழுதுக்கும் ஒன்று என்று நான்கு ஊசி போடுவதில்தான் விடுதலை அதிகம். ஊசி கூடுவது கொடுமை என்று நினைக்கிற ஆயாவுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம்.

இதையெல்லாம்விட ஆபத்தான காலம் ஒன்று உண்டு. ஊசி தொடங்கிச் சில வாரங்களில், மிச்சமிருக்கும் கொஞ்சம் பீட்டா செல்கள் மூச்சு விட்டு எழுந்து வேலை செய்யும். தேவைப்படும் இன்சுலின் சடசடவென்று குறையும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பொடியோ கஷாயமோ கொடுத்திருப்பார்கள். பேர் அவருக்குப் போய்விடும், ஊசி நின்றுவிடும். சில மாதங்களிலேயே அந்தச் செல்களும் ஓய, குழந்தை மறுபடி வாந்தியும் மூச்சிரைப்புமாக அவசர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும். டாக்டர் சொன்னால் அளவைக் குறைக்கலாம், நிறுத்தவே கூடாது.

பள்ளிக்கூடத்தில் ஒளித்து ஊசி போடத் தேவையில்லை. வகுப்பில் சர்க்கரை பார்க்கவும், ஊசி போடவும், இடையில் கொறிக்கவும் அனுமதிக்க வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஏரியில் இறங்கவும் தடையில்லை. நீந்தினால் சர்க்கரை கரையும் என்பதால் முதலில் கொஞ்சம் சாப்பிட வேண்டும், குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டித் துணைக்குப் போகிறவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. சின்னக் குழந்தைக்கு இன்னும் குறைவாகப் போதும். பகலெல்லாம் ஆடிய ஆட்டத்துக்குச் சர்க்கரை நடு ராத்திரியிலும் இறங்கலாம். அன்றைக்குப் படுக்கும் முன் விரலில் இன்னொரு குத்து உண்டு என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு ஒரு சண்டை.