ஆளு நிக்குற கம்பெனி, ஆளு நிக்காத கம்பெனி

எங்க பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டால், அவன் சேருவதற்கு முன்னால் கிட்டத்தட்ட சம்பந்தம் பேசுவதற்குச் சமமான ஒரு விசாரணை நடக்கும். அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே இருக்கிற ஒருத்தரை எப்படியாவது தேடிப் பிடிப்பார்கள். "அண்ணாச்சி, சம்பளம் ஒண்ணாந்தேதி வந்துருமா? கொடைக்கு லீவு தருவானுவளா? அங்க ஆளு நிக்குமா?" இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

மேலாண்மைத் துறையில் இதற்கு 'எம்ப்ளாயர் பிராண்ட்' என்று பெயர். நாம் 'வேலை தருபவரின் பேர்' என்று வைத்துக்கொள்வோம். டிம் ஆம்ப்ளர், சைமன் பாரோ என்ற இருவர் 1996-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல் பரவலானது. பொருளை வாங்குகிறவர் மனசில் பிராண்ட் இருப்பது போல, வேலைக்கு வருகிறவர் மனசிலும் ஒன்று இருக்கிறது. அங்கே கிடைக்கும் பணம், கற்றுக்கொள்ள வாய்ப்பு, மனநிறைவு எல்லாம் சேர்ந்ததுதான் அது என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

நான் இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். இந்தப் பேரை உண்டாக்க கம்பெனிகள் செய்யும் செலவில் பெரும்பகுதி போஸ்டருக்கும் டி-ஷர்ட்டுக்கும் வீடியோவுக்கும் போவதைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த வீடியோவை விட ஊர் அண்ணாச்சியின் ஒரு வார்த்தையை நாம் ஏன் அதிகம் நம்புகிறோம்?

பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு உதவும். வேலை தேடுகிறவர் தன் திறமையை முதலாளிக்கு எப்படித் தெரிவிக்கிறார் என்பது அதன் விஷயம். யார் வேண்டுமானாலும் சுலபமாகக் காட்டிவிடக்கூடிய அடையாளத்துக்கு மதிப்பு இல்லை. பொய்யாகக் காட்ட அதிகம் செலவாகும் அடையாளம்தான் நம்பப்படும் என்கிறார். இதை அப்படியே திருப்பி முதலாளிக்கும் போடலாம். "நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சுவரில் எழுத நூறு ரூபாய் பெயின்ட் போதும். வியாபாரம் படுத்த மாசத்திலும் ஒண்ணாந்தேதி சம்பளம் போட, கையில் காசு வேண்டும், மனசும் வேண்டும்.

இந்த அளவுகோலோடு பழைய உதாரணங்கள் இரண்டைப் பார்ப்போம்.

முதலாவது ஃபோர்டு. 1913-ல் டெட்ராய்ட் பக்கத்தில் இருந்த அவர்களுடைய கார் தொழிற்சாலையில் ஆள் வெளியேறும் விகிதம் சுமார் 370 சதவீதம். புரியும்படி சொன்னால், நூறு இடத்தை ஒரு வருஷம் நிரப்பி வைக்க 370 பேரை வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாள் கூலியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி ஐந்து டாலர் என்று அறிவித்தார். வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைந்தது. விகிதம் அந்த வருஷம் 54 சதவீதத்துக்கும், 1915-ல் 16 சதவீதத்துக்கும் இறங்கியது. ஆனால் ஐந்து டாலர் எல்லாருக்கும் உடனே கிடைத்துவிடவில்லை. தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, குடிக்கிறானா, வீடு சுத்தமா என்று விசாரித்த பிறகுதான் முழுத்தொகை. பணத்தோடு கண்காணிப்பும் சேர்ந்து வந்தது.

இரண்டாவது நம் நாட்டு டாடா ஸ்டீல். எட்டு மணி நேர வேலையை அவர்கள் 1912-லேயே கொண்டுவந்தார்கள். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு வந்தது 1946-ல். வருங்கால வைப்பு நிதி அங்கே 1920-ல், நாட்டுக்கான சட்டம் 1952-ல். மகப்பேறு உதவி அங்கே 1928-ல், மத்தியச் சட்டம் 1961-ல். சட்டம் கேட்பதற்கு முன்பே, சொந்தச் செலவில் செய்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதற்காக ஜாம்ஷெட்பூர் சொர்க்கமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1920, 1922, 1928 என்று பெரிய வேலைநிறுத்தங்களும் அங்கேதான் நடந்தன.

இப்போது நம்ம பக்கம் வருவோம். இதே மலைத்தொடரின் அடிவாரத்தில் எங்களுக்கு வடக்கே தென்காசி. அதன் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011-ல் அலுவலகம் தொடங்கியது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி அது. 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாறியது. வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல் வளர்ந்தது. பிளஸ் டூ, டிப்ளமா முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், மாசாமாசம் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைத்து வேலைக்கு எடுக்கும் பள்ளியை 2000-களின் நடுவிலிருந்தே நடத்துகிறது.

இதை என் அளவுகோலில் வைத்துப் பாருங்கள். கல்லூரிப் பட்டத்தைப் பார்த்து ஆளெடுப்பது கம்பெனிக்குச் சுலபம், வடிகட்டும் வேலையைக் கல்லூரியே செய்துவிடும். பட்டமில்லாத பிள்ளையைத் தானே பயிற்றுவிப்பது என்றால் காலமும் பணமும் முன்கூட்டியே போட வேண்டும். அவன் நாளைக்கு விட்டுப் போனால் நட்டம். அந்த நட்டத்துக்குத் துணிவதுதான் செய்தி. ஊருக்குப் பக்கத்தில் ஆபீஸ் என்பதும் அப்படித்தான். பெருநகரத்து வாடகை மிச்சம், அப்பாம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்றால் சாயங்காலமே பார்க்கலாம். இதெல்லாம் சம்பளச் சீட்டில் வராத சம்பளம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் எழுதிய நூலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டுகிறார்: பிடிக்காத இடத்தில் இருப்பவருக்கு இரண்டு வழி. ஒன்று வெளியேறுவது, இன்னொன்று இருந்துகொண்டே குரல் கொடுப்பது. சின்ன ஊரில் பெரிய கம்பெனி ஒன்றே ஒன்று என்றால் வெளியேறும் வழி குறுகும். அப்போது ஆள் நிற்கிறது என்பதை மட்டும் வைத்து அங்கே நல்ல பேர் என்று முடிவு கட்ட முடியாது. போகப் பிடிக்காமல் இருப்பது வேறு, போக இடமில்லாமல் இருப்பது வேறு. இது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும். ஆகவே குரல் கொடுக்கிற வழி திறந்திருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும்.

"அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, நாகர்கோவிலில் பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவன் என்ன செய்ய?" என்று கேட்கலாம். அவருக்கு இது இன்னும் சுலபம் என்றே நினைக்கிறேன். சொன்ன தேதியில் சம்பளம். பி.எஃப். பிடித்தால் கட்டிவிடுவது. வேலையைக் கற்றுக் கொடுப்பது. விட்டுப் போகிறவனின் கணக்கை இழுத்தடிக்காமல் முடித்து, அனுபவச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புவது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். போனவன் இனி நமக்கு எதற்கு என்று நினைக்கிறார்கள். ஆனால் அடுத்து வரப்போகிறவன் விசாரிப்பது அவனிடம்தான். அவனுக்கு முதலாளியிடம் பயமும் கிடையாது, ஆதாயமும் கிடையாது. கிளாஸ்டோர், ஆம்பிஷன்பாக்ஸ் மாதிரித் தளங்கள் செய்வதும் இதே டீக்கடை விசாரணையைத்தான், கொஞ்சம் பெரிய அளவில்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். நேர்காணல் முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். "இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், ஏன் போனார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதியை அந்தப் போனவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.