கொல்லைக் கஞ்சாச் செடியும் நௌகாவ் ஐக்கிய சங்கமும்

பயிரிடுபவர் ஒருவர், விலை சொல்பவர் மற்றொருவர் என்னும் நிலைமை எல்லா விளைபொருளுக்கும் உண்டு. நெல்லானாலும் நிலக்கடலையானாலும், முன்பணம் வாங்கிய காரணத்தால் களத்துமேட்டிலேயே வியாபாரியின் தராசுக்கு உட்பட்டு, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் குடியானவரின் கஷ்டம் ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அறியாததன்று. அக்கஷ்டத்தினின்று விடுபடக் கூட்டு விற்பனையை மேற்கொண்ட சங்கங்களுள், வங்காள மாகாணத்து ராஜஷாஹி ஜில்லாவைச் சேர்ந்த நௌகாவ் என்னும் ஊரில் 1917-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட சங்கம் மிகவும் விசித்திரமானது. அச்சங்கத்தார் பயிரிட்டு விற்ற பொருள் கஞ்சா. அச்சங்கம் எவ்வாறு ஓங்கிற்று, அதன் தொழில் எவ்வாறு நின்றது என்னும் இரண்டும் எப்பயிரைச் செய்யும் சங்கத்திற்கும் பயன்படும் விஷயங்களாம்.

செடியின் இயல்பு

கஞ்சா ஒரு பருவத்தில் முளைத்துப் பூத்துக் காய்த்து மடியும் செடி. பப்பாளியையும் பனையையும் போல இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியின் பூங்கொத்துக்களில் ஒருவகைப் பிசின் கசிகிறது. மயக்கத்தை உண்டாக்கும் சத்து இப்பிசினில் மிகுந்திருக்கும். பிசின் தோய்ந்த பூங்கொத்தே கஞ்சா. பிசினைத் தனியே திரட்டியது சரஸ். இலையைக் காயவைத்து அரைத்துப் பயன்படுத்துவது பங்கி. அம்மயக்கச் சத்தாகிய டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்பதை 1964-இல் இஸ்ரேல் நாட்டு ரசாயன நிபுணர்கள் தனியே பிரித்தெடுத்து, அதன் அமைப்பையும் கண்டறிந்தனர்.

பெயரினாலும் உருவத்தினாலும் சில மயக்கங்கள் ஏற்படுவதுண்டு. நம் குடியானவர்கள் பசுந்தாள் உரத்திற்காக விதைக்கும் சணப்பு வேறு. மஞ்சட்பூப் பூக்கும் அச்செடிக்கும் கஞ்சாவிற்கும் நாரைத் தவிர வேறு உறவில்லை. கோணி நெய்யும் சணலும் வேறு. கீரைக்காக வளர்க்கும் புளிச்சையில் ஒருவகையின் இலை, கைவிரல்போல் பிரிந்து கஞ்சா இலையை ஒத்திருக்கும். அதுபற்றியே தாவர நூலார் அவ்வகைக்குக் கஞ்சாவின் பெயரையொட்டிப் பெயரிட்டனர். ஆயினும் அது செம்பருத்தி இனத்தைச் சேர்ந்தது, குற்றமற்ற கீரை.

கொல்லையிலிருந்து லைசென்சு நிலத்திற்கு

முற்காலத்தில் இத்தேசத்தின் பல பாகங்களில் வீட்டுக் கொல்லையிலும் கிணற்றோரத்திலும் இச்செடி இரண்டொன்று நிற்பது வழக்கமாயிருந்தது. மருந்துக்கென்றும், மாட்டுக்கென்றும், பண்டாரங்களுக்குக் கொடுக்கவென்றும் வளர்த்தனர். இப்பொருளால் ஜனங்களுக்குத் தீங்கு நேருகிறதா என்று ஆராய 1893-இல் இந்திய சர்க்கார் ஏழு பேரடங்கிய கமிஷன் ஒன்றை நியமித்தனர். கமிஷனார் மாகாணந்தோறும் விசாரித்து, 1,193 சாட்சிகளின் வாக்குமூலங்களைப் பெற்று, 1894-இல் அறிக்கை சமர்ப்பித்தனர். மிதமாக உபயோகிப்பதால் பெருந்தீங்கு இல்லையென்றும், மிதமிஞ்சினால் தீங்கு உண்டென்றும், முழுவிலக்கு அவசியமில்லையென்றும் பெரும்பாலோர் முடிவு செய்தனர். அங்கத்தினருள் இருவர் இதற்கு மாறான அபிப்பிராயம் எழுதினர். தக்க வரி விதித்தல், லைசென்சின்றிப் பயிரிடுவதைத் தடுத்துச் சாகுபடியை ஓரிடத்தில் ஒடுக்குதல், கடைகளைக் குறைத்தல், ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவைக் குறைத்தல் என நான்கு வழிகளைக் கமிஷனார் கூறினர்.

இவற்றுள் இரண்டாவது வழியே இவ்வரலாற்றிற்கு முக்கியமானது. கொல்லையில் நிற்கும் செடிக்கு வரியுமில்லை, கணக்குமில்லை. ஓரிடத்தில் ஒடுக்கிய பயிருக்கோ காவலும் கணக்கும் உண்டு. ஆகவே கொல்லைச் செடி குற்றமாயிற்று. லைசென்சு பெற்ற நிலம் மதிப்புப் பெற்றது.

நௌகாவ் சாகுபடி

வங்காளத்தில் அவ்வாறு ஒடுக்கிய இடமே கஞ்சா மகால் எனப் பெயர் பெற்றது. ராஜஷாஹி, தினாஜ்பூர், போக்ரா ஆகிய மூன்று ஜில்லாக்களும் சந்திக்கும் இடத்தில், சுமார் 16 மைல் ஆரமுள்ள நிலப்பரப்பு அது. கல்கத்தா தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் பிரெயின் என்பவர் 1893-இல் அச்சாகுபடியை நேரில் பார்த்து விரிவான அறிக்கை எழுதியுள்ளார்.

தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தைப் பன்முறை உழுது, உரமிட்டு, மழைக்காலத்தில் நாற்றுவிட்டுப் பின்னர் வரிசையாக நட்டனர். பனிக்காலம் முழுதும் களையெடுத்தலும் மண்ணணைத்தலும் ஓயாது நடைபெற்றன. மாசி, பங்குனியில் அறுவடை. அறுத்த கதிர்களைச் சர்க்கார் காவலுக்குட்பட்ட களங்களில் காயவைத்து, காலால் மிதித்துத் தட்டையாகவோ உருட்டி உருண்டையாகவோ பதப்படுத்திப் பண்டகசாலையில் சேர்த்தனர்.

இப்பயிரில் ஒரு நுட்பம் உண்டு. ஆண் செடியின் மகரந்தம் காற்றில் பறந்து பெண் பூவில் விழுந்தால் விதை பிடிக்கும். விதை பிடித்த கதிரில் பிசின் குறையும், விலையும் குறையும். ஆகையால் பூக்குமுன்னரே ஆண் செடிகளைக் கண்டு பிடுங்குதல் வேண்டும். அதற்கென்று போத்தார் என்னும் தேர்ச்சி பெற்ற ஆட்கள் இருந்தனர். அவர்கள் வயல் வயலாக வந்து செடியைப் பார்த்தே ஆண் இது, பெண் இது என்று பிரித்தறிந்து களைந்தனர். கஞ்சா வைத்தியர் என்றே அதிகாரிகள் அவர்களை அழைத்தனர். ஒருவர் தம் வயலில் ஓர் ஆண் செடியை விட்டுவைத்தால், அடுத்த வயற்காரரின் மகசூலும் கெடும். காற்று வரப்பைப் பார்ப்பதில்லை. ஒருவருடைய அசிரத்தை அனைவருக்கும் நஷ்டமாய் முடியும் இத்தகைய தொழிலில், கூட்டு யோசனை இயல்பாகவே பிறக்கும்.

சங்கம் ஏற்பட்ட விதம்

இவ்வளவு பாடுபட்டும் குடியானவர் கண்ட லாபம் சொற்பம். லைசென்சு பெற்ற மொத்த வியாபாரிகளே வாங்கவேண்டும், அவர்கள் சிலரே. அவர்களுக்கும் குடியானவருக்கும் நடுவே தரகர் நின்றனர். பொருளை வேறெங்கும் எடுத்துச் செல்ல முடியாது. வீட்டில் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடந்தராது. அறுவடையான பின் தாமதிக்க முடியாத குடியானவர், லேவாதேவிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய வட்டியை எண்ணிக் கிடைத்த விலைக்கு விற்றார்.

1904-ஆம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டம் கடன் கொடுக்கும் சங்கங்களுக்கே இடந்தந்தது. 1912-ஆம் வருஷத்துச் சட்டமே விற்பனை முதலிய மற்றச் சங்கங்களுக்கும் வழிகாட்டிற்று. அதன் பின்னரே, 1917-இல், நௌகாவ் கஞ்சா பயிரிடுவோர் ஐக்கிய சங்கம் தோன்றியது. பயிரிடுவோர் அங்கத்தினராயினர், விளைந்த கஞ்சா முழுவதும் சங்கத்தின் மூலமே விற்பனையாயிற்று. தரகர் நீங்கினர். மொத்த வியாபாரி சங்கத்தோடு பேசவேண்டியவரானார். தனித்தனிக் குடியானவரிடம் விலையைத் தாழ்த்திப் பேச அவருக்கு வழியில்லாமற்போயிற்று. சேர்ந்த லாபத்தில் ஒரு பாகத்தைச் சங்கத்தார் பள்ளிக்கூடங்கள், மருந்தகங்கள், சாலைகள் முதலிய பொதுநன்மைகளுக்கும் செலவிட்டனர்.

அதே பிரதேசத்தில் மற்றொரு முயற்சியும் நடந்தது. கவி ரவீந்திரநாத தாகூர், தம் ஜமீனைச் சேர்ந்ததும் இன்று நௌகாவ் ஜில்லாவில் உள்ளதுமாகிய பதிசர் என்னும் கிராமத்தில், குடிகளை வட்டிக் கொடுமையினின்று மீட்க 1905-இல் விவசாய வங்கியொன்றை ஏற்படுத்தினார். 1913-இல் தமக்குக் கிடைத்த நோபல் பரிசுத் தொகையையும் அவ்வங்கியிலேயே போட்டுவைத்தார். கொடுத்த கடன் முற்றும் திரும்பவில்லை. அத்தொகையும் முழுமையாக மீளவில்லை. நல்லெண்ணத்தில் இதற்குக் குறைவில்லை. ஆயினும் ஜமீன்தார் கொடுத்த வங்கிக்கும், குடியானவர் தாமே பங்குதாரராயிருந்து நடத்திய சங்கத்திற்கும் உள்ள வித்தியாசம் சிந்திக்கத்தக்கது. மேலும், முன்னது கடன் மட்டும் கொடுத்தது. பின்னது விளைபொருளையே கையில் வைத்திருந்தது.

வெற்றியின் ரகசியம்

சாதாரண விற்பனைச் சங்கங்கள் குலைவதற்குப் பெருங்காரணம் ஒன்றே. விலை ஏறினால் அங்கத்தினர் வெளியில் விற்பர். விலை இறங்கினால் சங்கத்திற்குக் கொண்டுவருவர். நல்ல வருஷத்தில் சங்கத்திற்குச் சரக்கில்லை. கெட்ட வருஷத்தில் நஷ்டமே மிச்சம். நௌகாவில் இக்குறை நேரவில்லை. ஏனெனில் வெளியில் விற்பதைச் சர்க்கார் சட்டமே தடுத்தது. சாகுபடிப் பரப்பையும் வருஷந்தோறும் லைசென்சே அளவிட்டது. அங்கத்தினரின் கட்டுப்பாடு அவர்கள் மனத்திலிருந்து மட்டும் வந்ததன்று. காவற்காரரின் பூட்டிலிருந்தும் வந்தது.

நெல், கடலை, பருத்தி பயிரிடுவோருக்கு அத்தகைய பூட்டு இல்லை. ஆகவே அவர்கள் சங்கத்தில் அப்பூட்டைத் தாமே செய்துகொள்ளவேண்டும். இன்ன அளவு சரக்கைச் சங்கத்திற்கே கொடுப்பதென்று முன்னரே எழுதிக்கொள்ளுதல், சரக்கு வந்தவுடன் விலையில் ஒரு பாகத்தை முன்பணமாகப் பட்டுவாடா செய்தல், தரம் பார்த்து விலை கொடுத்தல் ஆகியவையே அதற்குரிய வழிகள். இவை துணைவிதிகளில் எழுதிவைத்தால் மட்டும் போதா. பஞ்சாயத்தார் தாமே முதலில் அனுஷ்டித்துக் காட்டவேண்டும்.

தொழில் நின்ற விதம்

1947-இல் தேசம் பிரிந்தபோது நௌகாவ் கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்தது. கல்கத்தா, பீகார், அஸ்ஸாம் முதலிய பழைய சந்தைகள் எல்லைக்கு அப்பாற் போயின. 1961-இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை, வைத்தியமல்லாத கஞ்சா உபயோகத்தை அது அமலுக்கு வந்த 25 வருஷங்களுக்குள் நிறுத்தவேண்டுமென்று விதித்தது. 1971-இல் வங்காளதேசம் தனி நாடாயிற்று. 1987-இல் அந்நாட்டு அரசாங்கம் நௌகாவ் சாகுபடியை நிறுத்திற்று. 70 வருஷம் நடந்த தொழில் ஓர் உத்தரவினால் முடிந்தது. கட்டடங்களும் நிலங்களும் சங்கத்திற்கு மிஞ்சின. எந்தப் பயிருக்காகச் சங்கம் கூடியதோ அப்பயிர் மிஞ்சவில்லை. போத்தாரின் கண்ணில் இருந்த தேர்ச்சிக்கும் அன்றோடு வேலையற்றுப்போயிற்று.

இன்றைய சட்டம்

இந்தியாவில் 1985-ஆம் வருஷத்துப் போதை மருந்துகள் சட்டப்படி அனுமதியின்றிக் கஞ்சாச் செடி பயிரிடுதல் குற்றம். கொல்லையில் ஒரே செடி நின்றாலும் அது பயிரிடுதலே. பத்து வருஷம் வரை கடுங்காவலும், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. தம் நிலத்தில் பிறர் வளர்ப்பதை அறிந்த நிலச் சொந்தக்காரர் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிந்தே மறைப்பதும் குற்றமாம். கிராம உத்தியோகஸ்தருக்கும் பஞ்சாயத்தாருக்கும் இதே கடமையுண்டு. நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்திற்கோ விட்டிருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

நாருக்காகவும் விதைக்காகவும் பயிரிட அனுமதிக்கும் அதிகாரம் அச்சட்டத்தின் 14-ஆம் பிரிவில் அரசாங்கத்திற்கு உண்டு. இமயமலைப் பிரதேசமாகிய உத்தராகண்டில் தொன்றுதொட்டு இச்செடியின் நாரில் கயிறும் துணியும் செய்கின்றனர். விதையை வறுத்துத் துவையல் அரைக்கின்றனர். அங்கு 2018-இல், மயக்கச் சத்து நூற்றுக்கு 0.3 பங்குக்கு மேற்படாத வகையைப் பயிரிட லைசென்சு கொடுக்கத் தொடங்கினர். அன்னிய நாடுகளில் வேறு ஏற்பாடுகள் உள்ளன. உருகுவே நாடு 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் ஒரு வீட்டிற்கு ஆறு செடிகளை அனுமதித்தது. ஜர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர் மூன்று செடிகள் வரை வளர்க்கலாம். அவ்வருஷம் ஜூலை முதல் 500 பேருக்கு மேற்படாத, லாப நோக்கமற்ற சங்கங்கள் கூடிப் பயிரிட லைசென்சு பெறலாம். அந்நாட்டுச் சட்டம் இந்நாட்டுக் கொல்லைக்குச் செல்லாது என்பதை வாலிபர்களுக்கு எடுத்துரைப்பது நலம். இளவயதினர் தொடர்ந்து உபயோகித்தால் ஞாபகசக்தி குன்றுதலும், சிலருக்குச் சித்தப்பிரமையும் நேரக்கூடுமென்று வைத்தியர்கள் எச்சரிக்கின்றனர்.

கவனிக்கத்தக்கவை

நௌகாவ் சங்கத்தின் முதற்பாதி தைரியம் தருவது. பிற்பாதி எச்சரிக்கை தருவது. சிதறியிருந்த குடியானவர் ஒன்றுகூடினால் தரகரை நீக்கித் தம் விலையைத் தாமே பேசலாம் என்பது முதற்பாதி. ஒரே பயிரையும் ஒரே அனுமதியையும் நம்பிய சங்கம், அவ்வனுமதி போன அன்று தொழிலற்று நிற்கும் என்பது பிற்பாதி. இன்று கரும்பு ஆலை ஒன்றையோ, பால் வாங்கும் நிலையம் ஒன்றையோ மட்டும் நம்பியிருக்கும் சங்கங்களுக்கும் இது பொருந்தும். மகசூல் செழித்த வருஷங்களில் சேரும் ரிசர்வு நிதியைக் கட்டடமாக மட்டும் மாற்றிவிடாமல், இரண்டாவது தொழிலொன்றைப் பழகுவதற்கும், அங்கத்தினரின் பிள்ளைகள் வேறு வேலை கற்பதற்கும் ஒதுக்கிவைக்கும் சங்கமே, முதற்பயிர் போனாலும் நிலைத்திருக்கும். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும், நம் சரக்கை வாங்குபவர் நாளைக்கு வராவிட்டால் நாம் என்ன செய்வோம் என்னும் ஒரு கேள்வியை நிகழ்ச்சிக் குறிப்பில் சேர்த்து ஆலோசிக்குமாயின் மிகுந்த அனுகூலம் உண்டாகும்.