முயலிடம் இருந்து மீட்ட மைதானம்! சீட்டு விழுந்தால் நீங்களும் ஆடலாம்!

கோல்ப் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? உயரமான மதில் சுவர். கேட்டில் ஒரு காவலாளி. "மெம்பரா சார்?" என்று ஒரு கேள்வி. அதோடு சரி. பஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து விட்டு நம் வேலையைப் பார்க்கப் போய் விடுவோம்.

ஆனால் அந்த ஆட்டத்துக்குத் தாய்வீடு என்று சொல்லப்படும் ஊரில் கதையே வேறு. அங்கே மதில் சுவரும் கிடையாது, மெம்பர் கார்டும் கேட்க மாட்டார்கள். பெயர் கொடுத்தால் குலுக்கிப் போடுவார்கள். சீட்டு விழுந்தால் ஆட்டம்!

ஸ்காட்லாந்து நாட்டில் கடலோரமாக இருக்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற அந்தச் சின்ன ஊர். அங்குள்ள "ஓல்டு கோர்ஸ்" மைதானத்தில்தான் 2022-ம் ஆண்டு 150-வது ஓப்பன் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. உலக சாம்பியன்கள் நடந்த அதே புல்லில், வெளியூரில் இருந்து போகிறவரும் கட்டணம் கட்டி ஆடலாம். காரணம், அது எந்த கிளப்புக்கும் சொந்தம் இல்லை. ஊர் ஜனங்களின் பொது நிலம்!

மகனையோ மகளையோ பார்க்க லண்டன், எடின்பரோ என்று விமானம் ஏறும் அப்பா-அம்மாக்கள் இப்போது நம் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விவரம் உபயோகப்படும்.

ஆடினால் குற்றம்!

1457-ம் ஆண்டு, ஸ்காட்லாந்து மன்னர் 2-ம் ஜேம்ஸ் காலத்தில், கோல்ப் ஆடக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். கால்பந்துக்கும் தடை. வாலிபர்கள் வில் பயிற்சிக்கு வராமல் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள், சண்டை வந்தால் யார் அம்பு விடுவது என்பது அரசாங்கத்தின் கவலை.

சட்டத்துக்கு ஜனங்கள் மசியவில்லை. 1552-ல் ஹாமில்டன் என்ற ஆர்ச்பிஷப் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடலோர நிலத்தில் அவர் முயல் வளர்த்துக் கொள்ளலாம். ஆனால் அங்கே கோல்ப், கால்பந்து ஆடும் உரிமை ஊர் ஜனங்களுக்கு உண்டு. அதுதான் சாசனம். அந்த முயல்தான் பின்னால் ஊரையே இரண்டாக்கியது!

முயல் வழக்கு

1797-ல் நகரசபைக்குக் கடன் கழுத்தை நெரித்தது. கையில் காசு இல்லை. பொது நிலம் கை மாறியது. டெம்ப்ஸ்டர் என்ற வியாபாரக் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஆட்டக்காரர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. முயல் பண்ணை வைத்தார்கள்.

பந்து உருள வேண்டிய இடத்தில் எல்லாம் முயல் வளை! ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? முயலை அடித்தார்கள். பண்ணைக்காரர்கள் சீறினார்கள். தகராறு, கோர்ட்டு, வழக்கு என்று சுமார் 20 வருஷம் இழுத்தது.

1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலச்சுவான்தார் அந்த நிலத்தை விலைக்கு வாங்கி, ஆட்டத்துக்கே விட்டு விட்டார். அதோடு முயல் ராஜ்யம் முடிந்தது. 1894-ல் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு நிலம் மறுபடியும் நகரசபை கைக்கு வந்தது. 1974-ல் இன்னொரு சட்டம் வந்து, மைதானங்களைக் கவனிக்கத் தனி டிரஸ்ட் அமைந்தது. இன்றைக்கும் அந்த டிரஸ்ட்தான் நடத்துகிறது.

மைதானத்தின் முதல் குழிக்குப் பின்னால் கம்பீரமாக ஒரு கல் கட்டிடம் நிற்கும். பெரிய பெயர் பெற்ற ஒரு கிளப்பின் கட்டிடம் அது. மைதானமே அவர்களுடையது என்றுதான் புதிதாகப் போகிறவர்கள் நினைப்பார்கள். இல்லை! கட்டிடம் கிளப்புடையது. புல் ஊருடையது.

குலுக்கல் எப்படி?

சரி, ஆட என்ன செய்ய வேண்டும்?

ஆட வேண்டிய நாளுக்கு 2 நாள் முன்னால் பெயர் கொடுக்க வேண்டும். குறைந்தது 2 பேர், அதிகம் போனால் 4 பேர் கொண்ட கோஷ்டியாகக் கொடுக்கலாம். அன்றைக்கே குலுக்கிப் பட்டியல் போட்டு விடுவார்கள். விழாவிட்டால் மறுநாள் மறுபடி கொடுக்கலாம். அதனால் ஒரே நாள் திட்டம் போட்டுப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். மூன்று, நாலு நாள் தங்கினால் வாய்ப்பு கூடும்.

தனி ஆளாகப் போகிறவர்கள் முன்பெல்லாம் நடுராத்திரியே போய் வாசலில் நிற்பார்கள். மண்ணெண்ணெய் கியூ மாதிரி, குளிரில் கம்பளியைச் சுற்றிக் கொண்டு! விடிந்ததும், ஆள் குறையும் கோஷ்டியில் சேர்த்து விடுவார்கள். 2024-ல் அந்த ராத்திரி கியூவுக்கு முடிவு கட்டினார்கள். இப்போது தனி ஆளுக்கும் குலுக்கல். முதல் நாள் நேரில் போய்ப் பெயர் பதிய வேண்டும்.

ஆனால் கன்னி ஆட்டக்காரருக்கு ஓல்டு கோர்சில் இடம் இல்லை. ஆட்டத் திறமையைக் காட்டும் "ஹாண்டிகேப்" சான்று வேண்டும்.

"அங்கே நமக்கு ஆள் இருக்கு, குலுக்கல்ல உங்க பேரை விழ வைக்கிறேன்" என்று எந்தப் புரோக்கராவது சொன்னால் பையை இறுக்கிப் பிடித்துக் கொள்ளுங்கள். டிரஸ்ட் அனுமதி பெற்ற சுற்றுலாக் கம்பெனிகள், குலுக்கல் இல்லாமல் ஆட்ட நேரத்தோடு சேர்த்து "பேக்கேஜ்" விற்பது உண்டு. அது வேறு. விலையும் வேறு!

பர்சு கனமா?

கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். 2024 சீசனில் ஓல்டு கோர்சில் ஒரு ஆட்டத்துக்கு 320 பவுண்டு. நம் பணத்தில் சுமார் 34 ஆயிரம் ரூபாய். ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம், நாலு மணி நேரத்தில் காலி!

பொது நிலத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை டிக்கெட் உண்டு. வெளியூர்க்காரரின் பணத்தில்தான் பெரும் பாரம் ஓடுகிறது.

அதற்காக மனம் உடைய வேண்டாம். அதே டிரஸ்டிடம் இன்னும் 6 மைதானங்கள் இருக்கின்றன. 1895-ல் போட்டதற்கு இன்னும் "நியூ கோர்ஸ்" என்றே பெயர்! ஜூபிளி (1897), ஈடன் (1914), ஸ்ட்ராத்டைரம் (1993), காசில் (2008) என்று வரிசையாக உண்டு. புதிதாக மட்டை பிடிப்பவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 9 குழி கொண்ட பால்கோவ் இருக்கிறது. ஓல்டு கோர்சைவிடக் கட்டணம் எவ்வளவோ குறைவு.

மட்டையைத் தொட்டதே இல்லையா? அப்படியானால் "இமயமலை" ஏறுங்கள்! மேடும் பள்ளமுமான ஒரு புல்தரைக்கு அங்கே "ஹிமாலயாஸ்" என்று பெயர். 1867-ல் தொடங்கிய பெண்கள் சங்கத்தின் இடம். சில பவுண்டு கொடுத்தால் வெளியூர்க்காரர்களும் பேரன், பேத்தியோடு பந்து உருட்டலாம்.

ஓல்டு கோர்சில் பை தூக்கி வழி சொல்லும் ஆளுக்கு "கேடி" என்று பெயர். போலீஸ் ரிக்கார்டு கேடி என்று பயப்பட வேண்டாம்! மைதானத்தில் 112 மணல் பள்ளங்கள். ஒன்றுக்கு "நரகம்" என்றே பெயர். எந்தப் பக்கம் அடித்தால் நரகம் என்று அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று: ஊருக்குள் ரெயில் கிடையாது. 1969-ல் ஸ்டேஷனை மூடி விட்டார்கள். லூக்கர்ஸ் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும்.

ஞாயிறு லீவு!

ஞாயிற்றுக்கிழமை ஓல்டு கோர்சில் வழக்கமாக ஆட்டமே கிடையாது. பெரிய போட்டி நடந்தால்தான் விதிவிலக்கு. மற்ற ஞாயிறுகளில் ஊர் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு, நாயோடு வந்து உலாத்துவார்கள். காசு கட்ட வேண்டாம், சீட்டு விழ வேண்டாம். ஆடு, மாடு கடக்கக் கட்டிய பழைய ஸ்வில்கன் கல் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்ளலாம்.

2023-ல் அந்தப் பாலத்தின் காலடியில் வட்டமாகக் கல் பாவினார்கள். "எங்கள் பாலத்தை என்ன செய்கிறீர்கள்?" என்று எதிர்ப்பு கிளம்பியது. சில நாட்களிலேயே கல்லைப் பெயர்த்து எடுத்து விட்டார்கள்!

நம் மயிலாப்பூர் பக்கத்தில் மந்தைவெளி என்று இருக்கிறது. பெயர்தான் மிச்சம். மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. அந்த ஊரிலும் கடன் வந்தது, விற்பனை வந்தது, முயல் கூட வந்தது. ஜனங்கள் விடவில்லை.

வெளி இன்னும் வெளியாகவே இருக்கிறது!