முதல் நோயாளிக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

தீசிஸ் ஒப்படைக்க இரண்டு மாதம் இருக்கும்போது ஓடி வந்து, “சிடிஆர்ஐ நம்பர் எப்படி வாங்குவது?” என்று கேட்கும் பிஜி மாணவர்களுக்குச் சொல்ல ஒரே பதில்தான் இருக்கிறது. இனி வாங்க முடியாது. அறுபது நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தாயிற்று, ரத்தம் எடுத்தாயிற்று, எக்ஸெல் தாள் புள்ளியியல்காரரிடம் போயாயிற்று. மருத்துவ இதழ் பதிவு எண் கேட்ட பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் வருகிறது. “எல்லாம் முடிந்தபின் போட்டுக்கொள்ளலாம்” என்று ஆறுதல் சொல்லும் சீனியர்களும் சில கைடுகளும் இன்னும் இருக்கிறார்கள். அந்த வழி அடைபட்டு வருஷக்கணக்காகிறது.

சிடிஆர்ஐ என்பது இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பொதுப் பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தில் 2007 ஜூலை 20 அன்று இது தொடங்கப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் 2009 ஜூன் 15 முதல் பதிவைக் கட்டாயமாக்கியது. 2018 ஏப்ரல் 1 முதல், ஆய்வில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்னால் வரும் விண்ணப்பங்களை மட்டுமே ஏற்கிறார்கள். முக்கிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர் குழு 2005-லிருந்தே இந்த முன்பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சிடிஆர்ஐ பதிவுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு ‘பதிவு செய்து தருகிறோம்’ என்பவர்களிடம் ஏமாறுகிறவர்களைப் பார்த்தால் பரிதாபத்தைவிடக் கோபம்தான் வருகிறது.

“என்னுடையது டிரையல் இல்லை சார், சும்மா கம்பேரிசன் ஸ்டடி” என்பார்கள். ஸ்பைனல் ஊசியில் வழக்கமான மருந்தோடு இன்னொன்றைச் சேர்த்து வலி எத்தனை மணி நேரம் அடங்குகிறது என்று இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தால், அதுவும் டிரையல்தான். அறுவை முறை, பிசியோதெரபி, யோகா, உணவு முறை என்று எதையாவது நீங்கள் ஒதுக்கிக் கொடுத்து விளைவைப் பார்த்தால் பதிவு செய்யுங்கள். பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதும் ஆய்வுக்கு இது தேவையில்லை. சந்தேகமாக இருந்தாலும் பதிந்துவிடுவதே நல்லது. பதிந்ததால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

செய்முறை இதுதான். முதலில் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதிக் கடிதம் கையில் வர வேண்டும். பிறகு சிடிஆர்ஐ தளத்தில் கணக்குத் தொடங்கி, பிஜி தீசிஸ் என்று குறித்து, படிவத்தை நிரப்ப வேண்டும். பொதுமக்களுக்குப் புரியும் தலைப்பு, அறிவியல் தலைப்பு, யாரைச் சேர்ப்பீர்கள், யாரை விலக்குவீர்கள், எந்த விளைவை முதன்மையாக அளப்பீர்கள், எத்தனை பேர், எந்த முறையில் குழு பிரிப்பீர்கள் என்று ஒவ்வொன்றும் கேட்பார்கள். இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, எத்திக்ஸ் கடிதத்தில் ஒரு தலைப்பும் படிவத்தில் வேறொரு தலைப்பும் இருக்கும். கைடு நடுவில் ஒரு சொல்லை மாற்றியிருப்பார், கமிட்டிக்குச் சொல்லியிருக்க மாட்டார். அப்படி மாற்றினால் திருத்தக் கடிதம் வாங்கிவிட்டுத்தான் படிவத்தைத் தொட வேண்டும். இன்னொன்று, முதல் நோயாளியைச் சேர்க்கும் தேதி. நாளைக்கே தொடங்குவதாக எழுதிவிடுவார்கள். பதிவாளர்கள் படித்துப் பார்த்துக் கேள்விகளோடு திருப்பி அனுப்புவார்கள். நீங்கள் பதில் எழுதி மீண்டும் அனுப்ப வேண்டும். இது சில சமயம் இரண்டு மூன்று சுற்று போகும். அதற்குள் அந்தத் தேதி கடந்துபோயிருக்கும். தாராளமாக நாள் விட்டு எழுதுங்கள்.

படிவத்தை அனுப்பியதும் ‘ரெஃப்’ என்று தொடங்கும் ஓர் எண் வரும். அது விண்ணப்ப ரசீது எண் மட்டுமே. அதைப் பதிவு எண் என்று நினைத்துக்கொண்டு நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியவர்கள் உண்டு. உண்மையான எண் ‘சிடிஆர்ஐ’ என்று தொடங்கி ஆண்டும் மாதமும் வரிசை எண்ணும் சேர்ந்து வரும். அது வரும்வரை ஒரு நோயாளியிடமும் சம்மதக் கையெழுத்து வாங்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன்: ரெஃப் எண் பதிவு எண் அல்ல.

இனி எத்திக்ஸ் கமிட்டி. கடிதம் கொடுக்கும் கமிட்டிக்கே பதிவு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. 2019 மார்ச் மாதம் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி இரண்டு விதப் பதிவுகள் உண்டு. புது மருந்துப் பரிசோதனையை ஆராயும் கமிட்டி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிய வேண்டும். மற்ற மருத்துவ, சுகாதார ஆய்வுகளை ஆராயும் கமிட்டி சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிய வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. உங்கள் கல்லூரிக் கமிட்டியின் பதிவு எண் என்ன, எது வரை செல்லும் என்று உறுப்பினர் செயலரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பதிவு காலாவதியான கமிட்டியின் கடிதத்தை வைத்துக்கொண்டு பிறகு யாரையும் நொந்து பயனில்லை.

கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவர், ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவம் சாராத ஒரு சாதாரண மனிதர் உள்பட ஐந்து பேராவது உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். உங்கள் கைடே கமிட்டியில் உறுப்பினராக இருந்தால், உங்கள் ஆய்வு வரும்போது அவர் முடிவெடுப்பதில் கலந்துகொள்ளக் கூடாது. கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். கையெழுத்து இருந்து தேதி இல்லாத கடிதங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒன்று: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கமிட்டியைக் கூட்டிவிட்டு, மாணவன் முன்கூட்டியே தொடங்கிவிட்டான் என்று குறை சொல்ல உங்களுக்கு வாயில்லை.

ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தைப் புது நோய்க்கோ, புது அளவிலோ, புது வழியிலோ கல்வி நோக்கில் மட்டும் ஆராய்ந்தால் டில்லி மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் தனி அனுமதி தேவையில்லை, எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் போதும் என்று அதே 2019 விதிகளின் 28-ஆம் விதி சலுகை தருகிறது. ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்க அனுமதி பெற்ற மருந்தைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்திப் பார்ப்பது புது வழி. ஆகவே கமிட்டியிடம் அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். கமிட்டிக்குச் சந்தேகம் வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்கும். அங்கிருந்து 30 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி தேவையில்லை என்று கொள்ளலாம். ஆனால் ஒரு கம்பெனி மருந்தை இலவசமாகத் தந்து, உங்கள் முடிவுகளைத் தன் விற்பனை அனுமதிக்கோ விளம்பரத்துக்கோ எடுத்துக்கொள்ளப் போகிறது என்றால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. ‘அகடெமிக்’ என்று பெயர் வைத்தால் மட்டும் அது கல்வி ஆய்வு ஆகிவிடாது.

சம்மதப் படிவம் நோயாளிக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். ஒரு நகல் அவர் கையில் போக வேண்டும். கமிட்டியைத் தொடர்புகொள்ளும் விவரமும் அதில் இருக்க வேண்டும். ‘தங்களின் மேன்மையான பங்கேற்பினைக் கோருகிறோம்’ என்று எழுதிய படிவத்தை ஓபியில் வரிசையில் நிற்கும் ஓர் அம்மாவிடம் நீட்டுவது சம்மதம் வாங்குவது ஆகாது. மருந்துப் பரிசோதனையில் யாருக்காவது கடுமையான பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது ஆய்வாளரின் கடமை. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை சொல்லலாம் என்ற சலுகை விதியில் இல்லை.

பயிற்சி விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. நாடு முழுவதும் உள்ள முதுநிலை மருத்துவ மாணவர்கள் எழுதும் அடிப்படை மருத்துவ ஆராய்ச்சிப் படிப்பை நடத்துவதே சென்னையில் இருக்கும் ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம்தான். இணையத்தில் பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும் கட்டணம். முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள். ஆய்வு முறைச் சான்றிதழ் இல்லாமல் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியாது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் காசநோய் சானடோரியத்தில் இருப்பதைப்போலவே குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டிய 1950-களின் மதராஸ் ஆய்வு நடந்ததும் இதே ஊரில்தான். அதைச் சொல்லி மேடையில் பெருமைப்படுகிற நாம், நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை (ஜிசிபி) வழிகாட்டியைப் படித்ததற்கான சான்றிதழை ஒரு மணி நேரத்தில் விடைகளைக் காப்பி அடித்து வாங்குகிறோம். அந்த வழிகாட்டியே 2025 ஜனவரியில் மூன்றாம் திருத்தம் பெற்றுவிட்டது. பயிற்சியில் சேருமுன் எந்தப் பதிப்பைச் சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

நிதி. எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கு ஐசிஎம்ஆர் 1979 முதல் இரண்டு மாதக் குறுகிய கால உதவித்தொகை தருகிறது. முதுநிலை தீசிஸுக்கு உதவி உண்டு. ஆசிரியர்களுக்கு வெளி ஆய்வு நிதி உண்டு. மருத்துவராக இருந்துகொண்டே ஆராய்ச்சியில் நிலைக்க விரும்புவோருக்கு, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் தனி ஃபெல்லோஷிப்புகளை வைத்திருக்கிறது. பணம் இல்லாததைவிட, வந்த பணத்தைக் கையாளத் தெரியாமல் கெடுத்துக்கொள்வதுதான் அதிகம். விண்ணப்பத்தை நிறுவனத் தலைவர் வழியாக அனுப்ப வேண்டும் என்பது கடைசி நாள் மாலையில்தான் பலருக்குத் தெரிகிறது. டீன் ஊரில் இல்லை என்பதற்காக எந்தக் கடைசித் தேதியும் தள்ளிப்போகாது.

பணம் உங்கள் பெயரில் வராது, நிறுவனத்தின் கணக்குக்கு வரும். ஆண்டு முடிவில் செலவுக் கணக்கும், ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும். அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது, ஆராய்ச்சி உதவியாளருக்குச் சம்பளமும் வராது. வங்கியில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டியும் அரசுடையதே, துறைக்கு டீ செலவு அல்ல. அரசு மருத்துவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கலந்தாய்வில் மாற்றல் வந்தால் திட்டம் பழைய கல்லூரியிலேயே கிடந்து சாகும். விண்ணப்பிக்கும்போதே அதே கல்லூரியில் இருக்கப்போகும் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேருங்கள். மாற்றல் ஆணை வந்த அன்றே நிதி தந்த அமைப்புக்கு எழுதுங்கள். வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தாலோ, ரத்தம், திசு மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பினாலோ, ஐசிஎம்ஆர் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழு அனுமதியும் வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர் நண்பர் என்பது அனுமதி ஆகாது.

மாநாடுகளில்தான் பணம் வீணாகிறது. ‘புகழ்பெற்ற டாக்டர் அவர்களே’ என்று தொடங்கி, தோல் மருத்துவரை இதய மாநாட்டில் தலைமை உரையாற்ற அழைக்கும் மின்னஞ்சல்களுக்குப் பதில் போடாதீர்கள். ஆய்வுச் சுருக்கம் இரண்டே நாளில் ஏற்கப்பட்டு உடனே கட்டணம் கேட்டால் அங்கே யாரும் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமம், ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயர்களைப் போட்டு மாநாடுகளை விளம்பரப்படுத்தியது, தன் இதழ்களைப் பற்றித் தவறான தகவல் தந்தது என்று அமெரிக்க நீதிமன்றம் 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொன்னது. அந்த வியாபார முறை இன்னும் ஒழியவில்லை. மாநாட்டை எந்தச் சங்கம் நடத்துகிறது என்று அந்தச் சங்கத்திடமே கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் கிரெடிட் மணி நேரம் தந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். வங்கிக்கு உடனே எழுதுங்கள், 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். போலி இதழ் கட்டுரையைத் திரும்பப் பெறப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள். விலகுகிறோம் என்று எழுத்தில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கம்பெனி பயணச் செலவை ஏற்கிறது என்றால், 2024-ல் வந்த மருந்து விற்பனை நெறிமுறை பேச்சாளரைத் தவிர மற்ற மருத்துவர்களுக்கு அதைத் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, கருவியோ பரிசோதனைக் கிட்டோ கண்டுபிடித்தவர்கள் கவனிக்க. போஸ்டரில் போட்டுவிட்டால் அது ஊருக்குப் பொது. கற்றறிந்தோர் சங்கக் கூட்டத்தில் வாசித்த கட்டுரைக்கு இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 12 மாத அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்த அவகாசம் கிடையாது. ஆகவே முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு பேட்டன்ட் விண்ணப்பம் போடுங்கள், பிறகு மாநாட்டுக்குப் போங்கள். முழு விவரக்குறிப்பைத் தர 12 மாதம் கிடைக்கும். சிகிச்சை முறைக்கோ நோய் கண்டறியும் முறைக்கோ இந்தியாவில் பேட்டன்ட் கிடைக்காது, கருவிக்குக் கிடைக்கும். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குப் பேட்டன்ட் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி. விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். தமிழ்நாட்டுக்கான பேட்டன்ட் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.