பந்தியில் இலை உண்டு, கேரியர் இல்லை: வெளிநாடுவாழ் இந்தியரின் ஓட்டு எப்படி இயங்குகிறது?

துபாயில் எலக்ட்ரீஷியனாக இருப்பவருக்குத் தேனியில் ஓட்டு உண்டா? உண்டு. ஆனால் அது கல்யாணப் பந்தி மாதிரி. உங்கள் பெயருக்கு இலை போடுவார்கள். நீங்களே நேரில் வந்து உட்கார வேண்டும்.

முதலில், யாருக்கு இலை? இந்தியக் குடிமகனாக, 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. ஆகவே வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரான ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு ஓட்டில்லை. முன்பெல்லாம் ஊரில் குடியிருந்தால்தான் பட்டியலில் பெயர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஏ பிரிவைச் சேர்த்து, அது 2011-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் வெளிநாட்டுப் பிழைப்புக்காரர்களுக்கும் கதவு திறந்தது.

அடுத்து, பந்திக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குப் படிவம் 6ஏ. தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே நிரப்பலாம். பாஸ்போர்ட்டில் படமும் விவரமும் உள்ள பக்கங்கள், செல்லுபடியாகும் விசா ஆகியவற்றின் நகல் வேண்டும். எந்தப் பந்தி என்பது நம் விருப்பமல்ல. பாஸ்போர்ட்டில் எந்த ஊர் முகவரியோ அந்தத் தொகுதிதான். பழைய வாக்காளர் அட்டை இருந்தால் ஒப்படைத்துவிட வேண்டும், ஓர் ஆளுக்கு இரண்டு இலை கிடையாது.

பிறகு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் அந்த முகவரிக்கே வந்து விசாரிப்பார். ஆகவே மனு போட்ட விஷயத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். எல்லாம் சரியென்றால், உங்கள் வாக்குச்சாவடிப் பட்டியலின் கடைசியில் தனிப் பகுதியில் பெயர் ஏறும். வாக்காளர் அட்டை தர மாட்டார்கள். வாக்குப்பதிவு நாளில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட வேண்டும், நகல் செல்லாது.

சிக்கல் இங்கேதான். 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். அதிலும் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். நாற்பது இலை போட்டால் ஓர் இலைக்குத்தான் ஆள். இதை அக்கறையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நாள் ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுத்து, முதலாளியிடம் லீவு கேட்டு, சம்பளத்தையும் விட்டு வர எத்தனை தொழிலாளிகளால் முடியும்?

சரி, சாப்பாட்டைக் கேரியரில் அனுப்பக் கூடாதா? சிலருக்கு அனுப்புகிறார்கள். ராணுவத்தினரும் வெளிநாட்டுத் தூதரகங்களில் பணிபுரியும் நம் அரசு ஊழியர்களும் ‘சேவை வாக்காளர்கள்’. அவர்களுக்கு வாக்குச்சீட்டு இணையம் வழியாகப் போகும். கடவுச்சொல் போட்டுத் திறந்து, அச்செடுத்து, தங்கள் தேர்வைக் குறிப்பார்கள். பிறகு சீட்டை உள் உறையில் ஒட்டி, சான்றொப்பம் பெற்ற உறுதிமொழித் தாளோடு வெளி உறைக்குள் வைத்துத் தபாலில் அனுப்புவார்கள். அடுக்குக்குள் அடுக்கு: வெளியடுக்கு யாருடையது என்று சொல்லும், உள்ளடுக்கு ரகசியம் காக்கும். எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்குள் உறை வந்து சேர வேண்டும். வாக்கு எண்ணும் இடத்தில் உறையிலுள்ள கியூஆர் குறியீட்டை வருடி, இரட்டைப் பதிவில்லை என்று பார்த்த பிறகே உறையைப் பிரிப்பார்கள். ஆக, போகும்போது மட்டுமே மின்வழி, திரும்புவது தபாலில்தான்.

இதே கேரியரை எல்லா வெளிநாடுவாழ் வாக்காளர்களுக்கும் தரலாம் என்று தேர்தல் ஆணையம் 2020-இல் சட்ட அமைச்சகத்திடம் சொன்னது. அதற்கு முன், தனக்குப் பதில் ஊரில் ஒருவரை ஓட்டுப் போடச் சொல்ல அனுமதிக்கும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமலே காலாவதியானது. பதிலாள் முறை எனக்குச் சம்மதமில்லை. நம் இலையில் இன்னொருவர் என்ன சாப்பிட்டார் என்று நமக்கு எப்படித் தெரியும்? தபால் முறையே மேல். ஆனால் லேபர் கேம்ப்பில் இருப்பவருக்கு அச்சு எந்திரத்தையும், சான்றொப்பமிட ஒரு தூதரக அதிகாரியையும் யார் தருவது என்பதை அரசு முதலில் முடிவு செய்ய வேண்டும். தூதரகம் வெகு தொலைவில் இருக்கிறவருக்குக் கேரியர் கொடுத்தும் மூடி திறக்காது.

அதுவரை, தேர்தல் சமயத்தில் ஊருக்கு வரும் எண்ணமிருந்தால் 6ஏ போட்டு வையுங்கள். நிரந்தரமாகத் திரும்பிவிட்டால் பதிவு அலுவலருக்குத் தெரிவித்து, எல்லோரையும் போலப் படிவம் 6 கொடுங்கள். அப்போது வாக்காளர் அட்டையும் கைக்கு வரும்.